ஒரு பல் கூட்டினால்

தொண்ணூறுகளில் தாம்பரத்தை அடுத்த செம்பாக்கம், சேலையூர், கேம்ப் ரோடு பக்கம் புல்லட் வைத்திருந்த இருவர் டீக்கடையில் சந்தித்தால், பேச்சு மைலேஜில் தொடங்கி ஒரு கேள்வியில் வந்து நிற்கும்: “முன்னாடி எத்தனை பல்லு?” செயினை இழுக்கும் முன்பக்க ஸ்பிராக்கெட்டின் பல் கணக்கு அது. பதினாறு என்றால் வண்டி கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிறது. பதினேழு என்றால் ஆள் அடிக்கடி விழுப்புரம், திருச்சி என்று போகிறவர். பதினெட்டு என்றால் துணிச்சல்காரர். அல்லது யாரோ சொன்னதைக் கேட்டு மாட்டிவிட்டு, மேம்பாலம் ஏறும்போதெல்லாம் மூன்றாவது கியருக்கு இறங்கிக்கொண்டிருப்பவர்.

இன்று அதே பக்கத்தில், தாம்பரம் - வேளச்சேரி சாலையின் சிக்னலில், பெல்ட்டில் ஓடும் மின்சார ஸ்கூட்டரில் நிற்பவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். தன் வண்டியின் பேட்டரி சதவீதம் அவருக்குத் தெரியும், எந்த மோடில் எத்தனை கிலோமீட்டர் வரும் என்பது தெரியும். பல் கணக்கு தெரியாது. தெரிந்துகொள்ள அவருக்கு அவசியமும் வந்ததில்லை. வேகத்துக்கும் இழுவைக்கும் நடுவே ஒரு பேரம் எப்போதும் உண்டு. அன்று அதை வண்டிக்காரரே மெக்கானிக் கடையில் உட்கார்ந்து பேசி முடித்தார். இன்று தொழிற்சாலையிலேயே முடித்து, மூடி போட்டு, சாவியோடு கையில் தந்துவிடுகிறார்கள்.

அன்று: பதினாறுக்குப் பதில் பதினேழு

புல்லட் நம்மூர் வண்டி. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் 1955-இல் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. சென்னையின் வடகோடியில், திருவொற்றியூரில் இருந்தது தொழிற்சாலை. அங்கிருந்து வந்த 350 சிசி வண்டியின் பிஸ்டன் 70 மில்லிமீட்டர் அகலம், 90 மில்லிமீட்டர் ஓட்டம். மெதுவாகச் சுற்றி, அடியிலிருந்தே இழுக்கும் எஞ்சின். 18 குதிரைத்திறன். நாலு கியர், அதுவும் வலது காலில். நியூட்ரல் தேடிக் கொடுக்கத் தனியாக ஒரு பெடல்.

எஞ்சினின் சுற்று சக்கரத்துக்குப் போய்ச் சேருவதற்குள் பல இடங்களில் குறைக்கப்படுகிறது. எஞ்சின் தண்டில் 25 பல், கிளட்ச்சில் 56 பல், நடுவே இரட்டை வரிசை பிரைமரி செயின். பிறகு கியர் பாக்ஸ். அதிலிருந்து வெளியே வரும் ஸ்பிராக்கெட்டில் 16 பல், பின்சக்கரத்தில் 38 பல். டாப் கியரில் எல்லாவற்றையும் பெருக்கிப் பார்த்தால், பின்சக்கரம் ஒரு முறை சுற்ற எஞ்சின் ஐந்தே கால் தடவைக்குச் சற்று அதிகமாகச் சுற்ற வேண்டும். 19 அங்குலச் சக்கரத்தில் மணிக்கு 80 கிலோமீட்டர் போனால் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 3,500 சுற்று.

கேட்க 3,500 பெரிய எண்ணாகத் தெரியாது. ஆனால் 90 மில்லிமீட்டர் மேலும் கீழும் ஓடும் கனத்த பிஸ்டனுக்கு அது பெரிய வேலை. அந்த எஞ்சினில் அதிர்வை அடக்கும் பேலன்சர் தண்டு கிடையாது. ஹேண்டில்பாரில் கை மரத்துப்போகும், நம்பர் பிளேட்டின் நட்டு கழன்று விழும், வெயிலில் விடாமல் விரட்டினால் பிஸ்டன் ஜாம் ஆகும். நெடுஞ்சாலைக்குப் போகிறவர்கள் எஞ்சினைக் கொஞ்சம் மூச்சுவிட வைக்க ஒரு வழி தேடியதில் வியப்பில்லை.

அந்த வழிதான் பதினேழு. 16 பல்லை எடுத்துவிட்டு 17 போட்டால், அதே எஞ்சின் சுற்றுக்கு வண்டி 6.25 சதவீதம் கூடுதல் தூரம் போகும். 80-இல் 3,500 சுற்று என்பது 3,300-க்குப் பக்கத்தில் இறங்கும். 18 போட்டால் 3,100. தாம்பரத்திலிருந்து திருச்சிக்குச் சுமார் 300 கிலோமீட்டர். முழுக்க டாப் கியரிலேயே போகிறோம் என்று வைத்துக்கொண்டால், ஒரு பல் கூட்டியதில் எஞ்சினுக்கு மிச்சமாவது ஏறத்தாழ 46,000 சுற்று. அத்தனை தடவை பிஸ்டன் ஏறி இறங்க வேண்டாம்.

பின்சக்கரத்தில் பல்லைக் குறைத்தாலும் இதே பலன் கிடைக்கும். ஆனால் பழைய புல்லட்டில் பின்பக்கப் பல்லும் பிரேக் டிரம்மும் ஒரே வார்ப்பு. பல்லை மாற்ற வேண்டும் என்றால் டிரம்மையே மாற்ற வேண்டும். முன்பல் தனித் துண்டு, விலையும் மலிவு. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ கிடைக்கும். தாம்பரத்தில் மின்ரயில் ஏறி எழும்பூரில் இறங்கி, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிடலாம்.

கடையில் ஒரு நாள்

வாங்கி வருவது சுலபம், மாட்டுவதுதான் வேலை. ஏனென்றால் அந்த ஸ்பிராக்கெட் கிளட்ச்சுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது.

இடது ஃபுட்ரெஸ்டைக் கழற்றிவிட்டு, அடியில் ஒரு தட்டு வைத்து, பிரைமரி கவரின் நடுவில் இருக்கும் ஒற்றை நட்டைத் தளர்த்துவார் மெக்கானிக். கவர் ஒரு பக்கம் வாய் திறந்ததும் கறுத்த ஆயில் தட்டில் கொட்டும். அதன் நிறத்தைப் பார்த்தே, போன தடவை எப்போது மாற்றினாய் என்று ஒரு வார்த்தை கேட்பார். அப்புறம் ஆல்டர்னேட்டர் கழன்று வரும். கிளட்ச்சின் மூன்று ஸ்பிரிங், பிளேட்டுகள் ஒவ்வொன்றாகத் துணிமேல் வரிசையாக அடுக்கப்படும். பிரைமரி செயினில் லாக் கிடையாது. ஆகவே எஞ்சின் பல், செயின், கிளட்ச் டிரம் மூன்றையும் புல்லர் போட்டு ஒன்றாகத்தான் இழுக்க வேண்டும். பையன் ஒரு பக்கம் பிடிக்க, மெக்கானிக் இந்தப் பக்கம் திருக, ‘டொக்’கென்று ஒரு சத்தத்தோடு அது விடுபடும். உள்கவரையும் எடுத்த பிறகுதான் செயின் அழுக்கும் கிரீஸும் அப்பிய பதினாறு பல் கண்ணில் படும். பாதிப் பல் ஒரு பக்கமாகத் தேய்ந்து, கொக்கி மாதிரி வளைந்திருக்கும்.

பேரம் நடப்பது அந்த நேரத்தில்தான்.

“அண்ணே, பதினெட்டே போட்டுடலாமா?”

“டபுள்ஸ் போவியா?”

“போவேன்.”

“ஏலகிரி பக்கம்?”

“எப்பவாச்சும்.”

“அப்ப பதினேழோட நிறுத்திக்க தம்பி. திண்டிவனம் தாண்டி எதிர்க்காத்து அடிச்சா பதினெட்டு இழுக்காது. டாப்ல போடுவ, துடிக்கும். தேர்டுக்கு எறங்குவ, கத்தும். போட்டதே வீணு.”

பேரத்தின் முழு இயற்பியலும் அந்த மூன்று வரியில் இருக்கிறது. ஒரு பல் கூடினால் சக்கரத்தில் கிடைக்கும் இழுவை அதே விகிதத்தில் குறையும். தட்டையான சாலையில், தனி ஆளாக, காற்றில்லாத காலையில் அது தெரியாது. பின்னால் ஒருவர் உட்கார்ந்து, இரண்டு பையும் தொங்கி, ஆடிக் காற்றும் சேர்ந்தால் தெரியும். இன்னொன்றும் உண்டு. வண்டியின் உச்ச வேகம் காற்றின் தடையும் எஞ்சினின் சக்தியும் சமமாகிற இடம். பல்லைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்துக்கு மேல் எஞ்சின் தன் முழுச் சக்தியைத் தரும் சுற்றையே எட்டாது. உச்ச வேகம் ஏறுவதற்குப் பதில் இறங்கும். பதினெட்டு போட்ட சிலர், வண்டி முன்னைவிட மந்தமாகிவிட்டது என்று திரும்பி வந்ததற்குக் காரணம் இதுதான்.

புதுப் பல் ஏறியதும் செயின் ஒரு நூலளவு இறுகும். 17-க்குப் பின்சக்கரம் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் முன்னால் வர வேண்டும். நத்தைக்கூடு வடிவ அட்ஜஸ்டரை இருபுறமும் ஒரே எண்ணிக்கையில் திருப்பி அதைச் சரிசெய்வார்கள். புதுச் செயின் தேவையில்லை. ஸ்பீடோமீட்டர் கேபிள் முன்சக்கரத்திலிருந்து வருவதால் வேகமானியும் பொய் சொல்லாது. சாயங்காலம், திருச்சிக்குப் போகும் ஜிஎஸ்டி சாலையில் பெருங்களத்தூர் வரை ஒரு ஓட்டம். வண்டி ‘டுப்… டுப்’ என்று இடைவெளி விட்டு அடிக்கும். அந்த இடைவெளிக்காகவே பல் மாற்றியவர்கள் உண்டு.

பந்தயக்காரர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்தியது. ஓடுதளத்தின் நீண்ட நேர்கோட்டுக்கு ஒரு பல், வளைவுகளுக்கு வேறு பல். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் புதுத் தடம் வந்தபோது, வளைவு கூடிய அந்தத் தடத்துக்குப் பழைய கணக்கைத் திருத்த வேண்டியிருந்தது. சாலையைப் பார்த்துத்தான் பல். பந்தயத்துக்கும் அதே விதி, திருச்சிப் பயணத்துக்கும் அதே விதி.

சாலை மாறியது, தொழிற்சாலையும் நகர்ந்தது

அன்றைய ஜிஎஸ்டி சாலை, தாம்பரம் தாண்டினால் இரண்டே வழி. புளியமர நிழல், பாலாற்றுப் பாலம், மதுராந்தகம் ஏரிக்கரை, முன்னால் ஒரு லாரி. 80-இல் தொடர்ந்து போக முடிந்தால் அது அதிர்ஷ்டம். 60-70-இல் நிதானமாக ஓடி, தேவைப்படும்போது லாரியைத் தாண்ட வேண்டும். தாண்டுவதற்கு இழுவை வேண்டும், ஓடுவதற்கு நிதானம் வேண்டும். பதினேழு இரண்டுக்கும் நடுவில் சரியாக உட்கார்ந்தது.

2000-களில் நால்வழிச்சாலை வந்தது. புளியமரங்கள் போயின. நடுவே தடுப்பு, பரனூரிலும் ஆத்தூரிலும் சுங்கச்சாவடி. இருசக்கர வண்டிக்குக் கட்டணம் இல்லை. இடது ஓரத்து இடுக்கு வழியாக நுழைந்துவிடலாம். 2018-இல் மத்திய அரசு அறிவித்த வரம்புப்படி நால்வழிச்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு உச்சம் மணிக்கு 80. அன்று அதிர்ஷ்டமாக இருந்த வேகம் இன்று சட்டமே அனுமதிக்கும் சாதாரண வேகம். அதை ஒரு மணி நேரம் விடாமல் பிடிக்கவும் முடிகிறது.

செம்பாக்கத்தின் உள்சாலைகள் எதிர்த்திசையில் போயின. வயலும் ஏரியுமாக இருந்த ஊர், நகராட்சியாகி, 2021-இல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்தது. காலையில் மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூருக்கு வேலைக்குப் போகிற கூட்டம் மொத்தமும் ஒரே சாலையில். இரண்டாவது கியருக்கு மேல் போக வாய்ப்பில்லை. வாரத்தில் ஐந்து நாள் இந்த ஊர்வலம், ஞாயிறன்று திண்டிவனம் நெடுஞ்சாலை: ஒரே வண்டி இரண்டையும் செய்ய வேண்டும். பழைய நாலு கியர் புல்லட்டில் ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும். ஆகவே விடை பல்லில் இல்லை, கியரின் எண்ணிக்கையில் இருந்தது.

தொழிற்சாலை அதைத்தான் செய்தது. செய்துகொண்டே தெற்கே நம் பக்கமும் வந்துவிட்டது. ராயல் என்ஃபீல்டு 2013-இல் ஒரகடத்திலும் 2017-இல் வல்லம் வடகாலிலும் ஆலை திறந்தது. வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் போனால் செம்பாக்கத்திலிருந்து காலை டிபனுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவே போய்த் திரும்பிவிடலாம். அங்கிருந்து வரும் இன்றைய 350 சிசி எஞ்சின் 2020-இல் மீட்டியாரில் அறிமுகமாகி, மறு ஆண்டு கிளாசிக்கிலும் 2023-இல் புல்லட்டிலும் ஏறியது. 72 மில்லிமீட்டர் அகலம், 85.8 மில்லிமீட்டர் ஓட்டம், 20.2 குதிரைத்திறன். இத்தனை வருஷத்தில் கூடியது இரண்டே சொச்சம் குதிரை! ஆனால் 80-இல் புது வண்டியில் உட்கார்ந்து பழைய வண்டியை நினைத்துப் பார்த்தால் வேறு உலகம். பேலன்சர் தண்டு அதிர்வைத் தின்றுவிடுகிறது, ஐந்தாவது கியர் நெடுஞ்சாலைக்கென்றே நீட்டி வைக்கப்பட்டிருக்கிறது. 2018-இல் வந்த 650 இரட்டை சிலிண்டர் வண்டிகளுக்கு ஆறாவது கியரும் உண்டு. அன்று ஒரு பல் கூட்டி வாங்கிய நிம்மதியை இன்று இடது காலால் ஒரு தட்டுத் தட்டி வாங்கலாம். எதிர்க்காற்று வந்தால் இன்னொரு தட்டில் திருப்பியும் கொடுத்துவிடலாம். பதினேழு பல் வண்டியில் இந்தத் திருப்பிக் கொடுக்கும் வசதி இல்லை.

செயின் போய் பெல்ட்

மோட்டார் சைக்கிள் பிறந்த காலத்தில் பல வண்டிகள் தோல் பெல்ட்டில்தான் ஓடின. மழையில் வழுக்கும், நீளும், அறுந்தும் போகும். செயின் வந்து அதை ஓரங்கட்டியது. 1980-இல் ஹார்லி டேவிட்சன் தன் ‘ஸ்டர்ஜிஸ்’ மாடலில் பெல்ட்டைத் திரும்பக் கொண்டுவந்தபோது, அது தோல் அல்ல. உள்ளே உறுதியான இழை ஓடும், உட்புறம் பல் வைத்த ரப்பர். பல் இருப்பதால் வழுக்காது. ஆயில் வேண்டாம், சத்தம் இல்லை, துரு இல்லை. ஹார்லி 2010 முதல் இந்தியாவில் விற்கத் தொடங்கியபோது, சென்னைச் சாலையிலும் பெல்ட் வண்டியைப் பார்க்க முடிந்தது. ஹரியானாவின் பாவலில் தயாரான ஸ்ட்ரீட் 750 அதைக் கொஞ்சம் பரவலாக்கியது. 2020-இல் கம்பெனி சொந்தக் கடையைக் கட்டியபோது அந்த அத்தியாயம் சுருங்கியது. ஹீரோவோடு சேர்ந்து 2023-இல் வந்த எக்ஸ்440-இல் மறுபடி செயின்தான்.

பெல்ட் வண்டியிலும் நெடுஞ்சாலைக்காகப் பல் மாற்றுகிறவர்கள் உண்டு. ஐந்து கியர் கால ஹார்லியின் பெரிய எஞ்சின் வண்டிகளில் கியர் பாக்ஸ் புல்லிக்கு 32 பல், பின்சக்கரத்துக்கு 70. நீண்ட தூரம் போகிறவர்கள் 32-ஐ எடுத்து 34 போடுவார்கள். வகுத்துப் பார்த்தால் 6.25 சதவீதம், புல்லட்டில் 16-ஐ 17 ஆக்குகிற அதே கணக்கு, இம்மியும் பிசகாமல். புல்லி ஒளிந்திருக்கும் இடமும் அதே: கிளட்ச்சுக்குப் பின்னால். எஞ்சின் அளவும் விலையும் எங்கோ போய்விட்டன. கழற்ற வேண்டிய வரிசை மட்டும் சேலையூர் மெக்கானிக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரிந்ததுதான்.

வித்தியாசம் அதற்கப்புறம் வருகிறது. செயினை ஒரு கண்ணி வெட்டலாம், ஒரு கண்ணி சேர்க்கலாம்; லாக்கைக் கழற்றிக் கையில் எடுத்துவிடலாம். பெல்ட் முடிவில்லாத ஒரே வளையம். வெட்ட முடியாது, ஒட்ட முடியாது. பல் கூடினால் அச்சை முன்னால் நகர்த்தும் இடம் போதுமா என்று பார்க்க வேண்டும். போதாவிட்டால் வேறு நீளப் பெல்ட் வேண்டும். அந்தப் பெல்ட்டை மாட்டப் பின்சக்கரத்தைத் தாங்கும் கையையே அவிழ்க்க வேண்டிய வண்டிகள் உண்டு. புல்லியை ஓர் அளவுக்குக் கீழே சிறிதாக்கவும் முடியாது. இறுக்கமாக வளைந்தால் உள்ளே இருக்கும் இழை முறியும். வேகத்தைக் கியர் பாக்ஸில் உள்ள சென்சார் கணக்கிடும் வண்டியில் புல்லியை மாற்றினால் வேகமானி பொய் சொல்லத் தொடங்கும். அதைக் கம்ப்யூட்டரில் திருத்த வேண்டும்.

சாலையோரத்திலும் பெல்ட்டின் குணம் வேறு. செயின் பத்து தடவை முன்னெச்சரிக்கை தரும்: சத்தம் போடும், தொய்யும், குதிக்கும். அறுந்தாலும் அச்சிறுபாக்கத்தில் ஒரு லாக் வாங்கி மாட்டி வீடு வந்து சேரலாம். பெல்ட் வருஷக்கணக்கில் வாய் திறக்காமல் உழைக்கும். புல்லிக்கு நடுவே ஒரு ஜல்லி சிக்கி இழை சேதமானால், அப்புறம் வண்டியை டெம்போவில் ஏற்ற வேண்டியதுதான்.

ஸ்கூட்டருக்குள் இருக்கும் கியர்

பெல்ட் என்றாலே பெரிய வண்டி என்று நினைக்க வேண்டாம். நம் வீட்டு வாசலில் நிற்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவை பெல்ட்டில்தான் ஓடுகின்றன. எண்பதுகளின் நடுவில் கைனடிக் ஹோண்டாவோடு இங்கே வந்த ஏற்பாடு, 2001-இல் ஆக்டிவா வந்தபின் வீட்டுக்கு வீடு நுழைந்தது. இதில் பெல்ட், பல்லில் கோத்துக்கொள்ளாமல், வாய் விரிந்து சுருங்கும் இரண்டு புல்லிகளுக்கு நடுவே ஓடுகிறது. முன் புல்லிக்குள் வழக்கமாக ஆறு சின்ன ரோலர்கள். எஞ்சின் வேகமெடுக்கும்போது அவை வெளிப்புறமாக ஓடி, புல்லியின் வாயை நெருக்கி, பெல்ட்டை மேலே தள்ளும். கியர் தானாக நீளும்.

இதிலும் ஒரு பேரம் உண்டு, கேம்ப் ரோடு மெக்கானிக் கடைகளில் இன்றும் நடக்கிறது. லேசான ரோலர் போட்டால் கியர் தாமதமாக நீளும். எஞ்சின் கத்தும், பிக்கப் கிடைக்கும். கனமான ரோலர் போட்டால் சீக்கிரம் நீளும். நிதானமாக ஓடும், மேம்பாலத்தில் திணறும். கனமான ரோலர் போட்டால் டாப் ஸ்பீடு ஏறும் என்று ஒரு நம்பிக்கை பரவலாக உண்டு. ரோலர் தீர்மானிப்பது கியர் எப்போது நீளும் என்பதை மட்டும். எவ்வளவு நீளும் என்பதைப் புல்லியின் அளவும் பின்சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் கியரும் தீர்மானிக்கின்றன. அவற்றை ரோலர் தொடாது.

இன்று: பல்லை மாற்றாமல் மோடை மாற்று

ஐஐடி மெட்ராஸில் கருவாகி, ஓசூரில் தயாராகும் ஏத்தர் ஸ்கூட்டரில் மோட்டாரின் சக்தி பல் வைத்த பெல்ட் வழியாகப் பின்சக்கரத்துக்குப் போகிறது. ரிவோல்ட் ஆர்வி400 மின்சார மோட்டார் சைக்கிளிலும் பெல்ட். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தயாராகும் ஓலா, பெல்ட்டில் தொடங்கி 2025-இல் அறிவித்த மூன்றாம் தலைமுறை வண்டியில் செயினுக்கு மாறியது. புல்லட் செய்த கம்பெனியே 2024 நவம்பரில் மிலான் கண்காட்சியில் காட்டிய ‘ஃப்ளையிங் ஃப்ளீ’ மின்சார வண்டிக்குப் பெல்ட் போட்டிருக்கிறது. ஆக, பல் எண்ணுகிற வழக்கம் தொடங்கிய வீட்டுக்கே பெல்ட் வந்துவிட்டது.

இவற்றில் மாற்றுவதற்குக் கியர் கிடையாது. மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் ஒரே விகிதம், அதுவும் நிரந்தரம். நின்ற இடத்திலிருந்தே முழு இழுவை தரும் மோட்டாருக்கு அது போதும். ஓட்டுபவருக்குக் கொடுத்திருப்பது எக்கோ, ஸ்போர்ட் மாதிரி மோடுகள். கட்டைவிரலால் ஓர் அழுத்து, வண்டியின் சுபாவம் மாறிவிடும். மென்பொருள் புதுப்பிப்பு வந்தால், ராத்திரி நிறுத்திய வண்டி காலையில் வேறு மாதிரி ஓடுவதும் நடக்கும்.

மோடு மாற்றுவதும் பல் மாற்றுவதும் ஒன்றல்ல. மோடு, மோட்டாருக்கு எவ்வளவு கரண்ட் விடலாம் என்று கட்டுப்படுத்துகிறது. விகிதம் அப்படியேதான் இருக்கிறது. மோட்டார் சுழலச் சுழலத் தனக்குள் ஓர் எதிர் வோல்டேஜை உண்டாக்கும். அது பேட்டரியின் வோல்டேஜை நெருங்கும்போது மேற்கொண்டு வேகமெடுக்கத் தெம்பு இராது. அதுதான் அந்த விகிதத்தின் எல்லை.

அப்படியானால் புல்லியில் பல்லைக் கூட்டி அந்த எல்லையைத் தள்ளிவைக்கலாமே? தள்ளலாம். புல்லட்டில் கிடைத்த லாபம் மட்டும் இங்கே கிடைக்காது. பெட்ரோல் எஞ்சின் சுற்று குறைந்தால் உள் உராய்வு குறையும், பெட்ரோல் மிச்சமாகும், அதிர்வு அடங்கும். மின்மோட்டாரில் அதிர்வே இல்லை. சுற்று குறைவதால் மிச்சமாவதும் சொற்பம். நஷ்டமோ கையோடு வரும். புல்லட்டைப் போலவே 6.25 சதவீதம் கூட்டினால், அதே மேம்பாலத்தை ஏற அத்தனை சதவீதம் கூடுதல் கரண்ட் வேண்டும். மோட்டார் கம்பியில் பிறக்கும் சூடு கரண்டின் இருமடிப்படி ஏறுவதால், ஏறத்தாழ 13 சதவீதம் கூடும். சூடேறினால் மென்பொருள் தானே சக்தியைக் குறைத்துவிடும். பல் கூட்டிய பலனும் அத்தோடு போச்சு.

நெடுஞ்சாலையில் மின்வண்டியின் எதிரி காற்று. வேகம் 60-இலிருந்து 80 ஆனால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் காற்றைத் தள்ள ஆகும் சக்தி ஏறத்தாழ 1.8 மடங்கு. எந்தப் பல்லைப் போட்டாலும் அந்தக் கணக்கு மாறாது. வலது கை மணிக்கட்டு இறங்கினால்தான் மாறும். திண்டிவனம் போய்ச் சேர்வோமா, வழியில் சார்ஜர் தேட வேண்டுமா என்பதை இன்று தீர்மானிப்பது அந்த மணிக்கட்டு.

லாபக் கணக்கு

மொத்தத்தில் இன்றைய வண்டி மேல், சந்தேகமில்லை. ஒரு பல்லுக்காக அரை வண்டியைப் பிரித்து, ஒரு நாள் வேலையைக் கெடுத்துக்கொண்ட காலத்துக்கு யாரும் திரும்ப வேண்டியதில்லை. தொழிற்சாலைப் பொறியாளர் பத்துவிதச் சாலையை ஓட்டிப் பார்த்துத் தேர்ந்த விகிதம், டீக்கடையில் கேட்டதை வைத்து மாட்டிய பதினெட்டைவிட நிச்சயம் நல்லது.

ஆனால் அன்று பதினேழு போட்டவருக்கு, தான் எதைக் கொடுத்து எதை வாங்கினோம் என்று தெரியும். டபுள்ஸ் போகும்போது ஏற்றத்தில் வண்டி திணறினால், அது தன் தேர்வு என்று தெரிந்து மூன்றாவதுக்கு இறங்குவார். இன்று பேரத்தை யாரோ முடித்துத் தந்துவிட்டதால், பேரம் ஒன்று நடந்திருக்கிறது என்பதே பலருக்குத் தெரிவதில்லை. விளம்பரத்தில் போட்ட கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் வரவில்லை என்றதும் வண்டியைத் திட்டுகிறார்கள்; அல்லது ஆன்லைனில் பார்த்த ஸ்பிராக்கெட் செட்டை, எஞ்சின் எந்தச் சுற்றில் இழுக்கும் என்று பாராமல் வாங்கிப் போடுகிறார்கள்.

ஷோரூமில் வண்டியின் நிறத்தையும் திரையின் அகலத்தையும் விளக்க நிறைய நேரம் எடுத்துக்கொள்கிறார்கள். விவரத்தாளில் மூன்று வரி கூடுதலாக அச்சடித்தால் போதும். பெட்ரோல் வண்டி என்றால், டாப் கியரில் மணிக்கு 80 போகும்போது எஞ்சின் எத்தனை சுற்று? மின்வண்டி என்றால், 80-இல் விடாமல் ஓட்டினால் எத்தனை கிலோமீட்டர்? எதுவானாலும், இரண்டு பேரோடு ஏற்றத்தில் எவ்வளவு நேரம் தன் முழுச் சக்தியைத் தரும்? முப்பது வருஷத்துக்கு முன் ஆயில் கறை படிந்த கையோடு ஒரு மெக்கானிக் கேட்டுத் தெரிந்துகொண்ட விஷயங்கள்தான் இவை. வண்டி வாங்குகிறவர் அந்த மூன்றையும் கேட்காமல் முன்பணம் கட்டக் கூடாது. விற்கிறவர் பதில் தெரியாமல் சாவியை நீட்டக் கூடாது.